மீக்கடத்தியின் மின்தடை: சுழி என்று சொல்ல என்ன உரிமை?

கேரள–தமிழக எல்லையை ஒட்டிக் கிடக்கும் பனச்சமூட்டிலும், அதைச் சுற்றியுள்ள வெள்ளறடை, பாறசாலை, அருமனை வட்டாரத்திலும் தலையையோ தண்டுவடத்தையோ படம்பிடித்துப் பார்க்க வேண்டிய நோய் வந்தால், பெரும்பாலோர் போவது திருவனந்தபுரத்து மெடிக்கல் காலேஜுக்கும் ஸ்ரீசித்ராவுக்கும்தான். சிலர் நாகர்கோவில் ஆசாரிபள்ளத்துக்குப் போவார்கள். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுப்பவரைச் சுற்றி ஒரு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். அது சுவரில் உள்ள இணைப்பிலிருந்து வருவதில்லை. 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா வகை இயந்திரங்களில் நயோபியம்–டைட்டானியம் கலவைக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, திரவ ஹீலியத்தால் 4.2 கெல்வின், அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்து வைத்திருப்பார்கள். இயந்திரத்தை நிறுவும்போது வெளியிலிருந்து சில நூறு ஆம்பியர் மின்னோட்டத்தை மெல்ல ஏற்றி, சுருளின் இரு முனைகளையும் உள்ளேயே இணைத்துவிட்டு, மின்வழங்கியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதன்பிறகு ஆண்டுக்கணக்கில் அது தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும். குளிரூட்டும் எந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும், காந்தத்துக்கு வேண்டாம். மீக்கடத்தியின் மின்தடை சுழி என்று பாடநூல் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறதே, அதற்குச் சாதாரண மக்கள் நேரில் சந்திக்கும் சான்று இதுவே. அந்த ஒரு வரி முழு உண்மையா, ‘மிக மிகக் குறைவு’ என்பதைச் சுருக்கிச் சொன்ன வசதியா என்பது இன்றும் கேட்கத் தகுந்த கேள்வி. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுழியை எந்தக் கருவியும் அளந்து கண்டதில்லை, காணவும் முடியாது. ஆனாலும் அதைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஓடும் மின்னோட்டம் தேய வேண்டுமானால் இயற்கை அதற்கு என்ன விலை கேட்கிறது என்ற கணக்கிலிருந்து அந்த உரிமை வருகிறது. விலை மலிவாகும் இடங்களும் உண்டு. அங்கெல்லாம் சுழியும் கரைந்துவிடும்.

எம்.ஆர்.ஐ. காந்தத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதே சான்றை எதிர்த்தரப்பும் தனக்குச் சாதகமாக எடுத்துவைக்கலாம். காந்தப்புலம் ஒரு மணி நேரத்தில் கோடியில் ஒரு பங்குக்கு மேல் குறையாது என்பதுதான் இத்தகைய காந்தங்களுக்கு வழக்கமாகத் தரப்படும் உறுதி. குறையவே குறையாது என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. 1.5 டெஸ்லாவில் ஹைட்ரஜன் அணுக்கருவின் அதிர்வெண் ஏறத்தாழ 6.39 கோடி ஹெர்ட்ஸ். அதில் மணிக்கு ஆறு ஹெர்ட்ஸ் இறங்கினாலும் கண்டுபிடித்துவிடலாம். அப்படி இறங்குகிறது என்றால் எங்கோ ஒரு மின்தடை இருக்கத்தானே வேண்டும்? இருக்கிறது. சுருளின் தன் மின்தூண்டல் எண் 30 ஹென்றி என்று வைத்துக்கொண்டால், மணிக்குக் கோடியில் ஒரு பங்கு தேய்வதற்கு மொத்தச் சுற்றிலும் ஏறத்தாழ ஒரு நானோ ஓம், அதாவது ஓர் ஓமில் நூறு கோடியில் ஒரு பங்கு, இருந்தால் போதும். பத்து கிலோமீட்டர் செம்புக் கம்பியால் அதே சுருளைச் சுற்றியிருந்தால் பல பத்து ஓம் வந்திருக்கும். மின்வழங்கியைக் கழற்றிய ஒரு விநாடியில் மின்னோட்டம் செத்துப்போயிருக்கும். இந்த நானோ ஓம் கம்பிக்குள் ஒளிந்திருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. சுருள் ஒரே கம்பியால் ஆனதல்ல. பல துண்டுகளை ஒட்டித்தான் சுற்றுவார்கள். ஒவ்வோர் ஒட்டுக்கும் மிகச் சிறிய மின்தடை உண்டு. அதைக் குறைப்பதுதான் காந்தம் செய்பவர்களின் கைத்திறனில் பாதி. ஒட்டு கெட்டால் என்ன ஆகும் என்பதை ஜெனீவாவில் உள்ள பெரும் ஹாட்ரான் மோதுவி 2008 செப்டம்பர் 19 அன்று காட்டியது. இரு காந்தங்களுக்கு நடுவே இருந்த ஒரே ஓர் ஒட்டில், நானோ ஓமைக்கூடத் தாண்டக் கூடாத இடத்தில், ஏறத்தாழ 200 நானோ ஓம் இருந்தது. 8,700 ஆம்பியர் அதன் வழியே போனபோது ஒட்டு சூடாகி, உருகி, மின்பொறி பாய்ந்து, ஆறு டன் அளவுக்கு ஹீலியம் வெளியேறியது. இந்தோரில் உள்ள ராஜா ராமண்ணா மையம் அந்த எந்திரத்துக்கு மீக்கடத்தித் திருத்தக் காந்தங்களைச் செய்து கொடுத்திருந்தது என்பதால் நம்மவர்களும் அந்தச் செய்தியைக் கவலையோடுதான் கேட்டிருப்பார்கள். இந்த விபத்திலிருந்து மீக்கடத்திக்கு மின்தடை உண்டு என்று யாரும் முடிவுகட்டவில்லை. சுற்றின் மின்தடை வேறு, பொருளின் மின்தடை வேறு.

பொருளின் மின்தடையைத் தனியே பிரித்துக் கேட்கத் தொடங்கியவர் ஹைக் காமர்லிங் ஓனஸ். 1908 ஜூலை 10 அன்று நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹீலியத்தைத் திரவமாக்கினார். அந்த ஹீலியம் மோனசைட் மணலைச் சூடாக்கிப் பிரித்தெடுக்கப்பட்டது. மணல் அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவிலிருந்து வந்தது. மறு ஆண்டே ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் அதே கனிமத்தைத் திருவிதாங்கூர்க் கடற்கரையில், இன்றைய மணவாளக்குறிச்சியில், கண்டெடுத்தார். ஓராண்டு முந்தியிருந்தால் லைடனுக்கு நம் மணல் போயிருக்குமோ என்று நினைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. 1911 ஏப்ரல், மே மாதச் சோதனைகளில் பாதரசத்தின் மின்தடை 4.2 கெல்வினுக்கு அருகே திடீரென்று விழுந்தது. குளிரக் குளிர எலக்ட்ரான்களே உறைந்துபோய் மின்தடை ஏறிவிடும் என்று கெல்வின் பிரபு எதிர்பார்த்திருந்தார். மெல்லச் சரிந்து மறையும் என்று ஓனஸ் எதிர்பார்த்திருந்தார். அப்படியே செங்குத்தாக விழும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஓனஸ் கவனமானவர். சுழி என்று எழுதாமல், ஏறக்குறைய சுழி என்ற பொருள்படவே ஏப்ரல் 8ஆம் தேதிக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். மின்னோட்டத்தைச் செலுத்தி, இரு புள்ளிகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளக்கும் முறையில் அதற்கு மேல் சொல்ல முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மின்னழுத்தமானியின் இரைச்சல் எந்த அளவோ அந்த அளவுக்குக் கீழே எதுவும் தெரியாது. இன்றைய தரமான கருவிக்கும் இதே கதிதான். இரைச்சலின் தளம் தாழ்ந்திருக்கிறது, அவ்வளவே.

எனவே 1914இல் அவர் கேள்வியையே மாற்றினார். ஈயக் கம்பிச் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டிவிட்டு, முனைகளை மூடிவிட்டு, அருகில் ஒரு திசைகாட்டி முள்ளை வைத்துக் காத்திருந்தார். மின்தடையை அளப்பதற்குப் பதிலாக மின்னோட்டம் எவ்வளவு காலம் தாங்குகிறது என்று அளப்பது, பார்க்கச் சிறிய மாற்றம். ஆனால் இங்கே காலம் பெருக்கிக் கொடுக்கிறது. காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மின்தடைக்கான மேல்வரம்பை இன்னும் கீழே தள்ளுகிறது. 1932இல் லைடனின் தொழில்நுட்பர் ஃப்ளிம், 200 ஆம்பியர் சுற்றிக்கொண்டிருந்த ஈய வளையத்தைத் திரவ ஹீலியக் குடுவையோடு விமானத்தில் லண்டனுக்கே எடுத்துச் சென்றார். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் காலின்ஸ் 1950களில் ஓர் ஈய வளையத்தில் இரண்டரை ஆண்டு மின்னோட்டத்தை ஓடவிட்டார், தேய்வு தெரியவில்லை. 1962இல் குவின், இட்னர் இருவரும் மெல்லிய ஈயப் படலத்தால் ஆன குழாயில் ஏழு மணி நேரம் பார்த்து, ஈயத்தின் மின்தடை எண் ஓம்-சென்டிமீட்டர் அலகில் 3.6 × 10⁻²³ஐ விடக் குறைவு என்று வரம்பிட்டார்கள். அறை வெப்பநிலைச் செம்பைவிட இது ஐந்நூறு கோடி கோடி மடங்கு சிறியது. மறு ஆண்டு ஃபைல், மில்ஸ் இருவரும் நயோபியம்–சிர்க்கோனியம் சுருளின் புலத்தை அணுக்கருக் காந்த ஒத்திசைவால் கண்காணித்து, மின்னோட்டம் தேய்ந்து முடிய ஒரு லட்சம் ஆண்டுக்குக் குறையாது என்று கணித்தார்கள்.

இங்கேதான் முதல் எதிர்வாதம் எழும், எழவும் வேண்டும். இவை அனைத்தும் மேல்வரம்புகள். பத்தின் மைனஸ் இருபத்து மூன்றாம் அடுக்கு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சுழி ஆகாது. நாளை ஒருவர் ஆயிரம் மடங்கு நுட்பமாக அளந்து 10⁻²⁵இல் ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்தால்? அளவை மட்டும் நம்பி நின்றால் இதற்குப் பதில் இல்லை. அளவுக்குப் பின்னால் உள்ள காரணம் செம்பின் காரணத்திலிருந்து வகையிலேயே வேறுபட்டிருக்க வேண்டும், வேறுபட்டுத்தான் இருக்கிறது. செம்பில் ஒவ்வோர் எலக்ட்ரானும் தனித்தனியே அழுக்கிலும் அணுக்களின் அதிர்விலும் மோதித் தன் உந்தத்தைச் சிறிது சிறிதாக இழக்கிறது. செம்பு எவ்வளவு தூய்மையானாலும் அந்த இழப்பு குறையுமே ஒழிய நிற்காது. மீக்கடத்தியில், பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் 1957இல் காட்டியபடி, எலக்ட்ரான்கள் இணை சேர்ந்து, எல்லா இணைகளும் ஒரே குவாண்டம் அலைக்குள் அடங்கிவிடுகின்றன. அலைக்கு ஒரு கட்டம் உண்டு. வளையத்தை ஒருமுறை சுற்றிவரும்போது அந்தக் கட்டம் முழுச் சுற்றுகளாகத்தான் மாறியிருக்க முடியும், அரைச் சுற்றுக்கு இடமில்லை. மின்னோட்டம் என்பதே அந்தக் கட்டத்தின் முறுக்கு. தென்னங்கயிற்றை முறுக்கி இரு முனைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டால், எத்தனை முறை தட்டினாலும் குலுக்கினாலும் முறுக்கு அவிழாது. அவிழ வேண்டுமானால் எங்கேயாவது ஓரிடத்தில் கயிறு முழுக்க அறுந்து மீண்டும் ஒட்ட வேண்டும். மீக்கடத்தி வளையத்திலும் அதுவே. வளையத்துக்குள் சிக்கிய காந்தப்பாயம் 2.07 × 10⁻¹⁵ வெபர் என்ற அலகின் முழு மடங்குகளாகவே இருக்கும் என்பதை 1961இல் அமெரிக்காவில் டீவர், ஃபேர்பேங்க் இருவரும், ஜெர்மனியில் டோல், நேபவர் இருவரும் தனித்தனியே சோதனையில் கண்டார்கள். ஓர் அலகு வெளியேற வேண்டுமானால் கம்பியின் முழுக் குறுக்குவெட்டிலும் மீக்கடத்துநிலை ஒரு கணம் அழிய வேண்டும். அதற்கான ஆற்றலைத் தற்செயலான வெப்ப அசைவு கொடுக்கும் வாய்ப்பு, கம்பியின் பருமன் ஏற ஏற அடுக்குக்குறி விதிப்படி சரிகிறது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஈய வளையத்துக்கு அதைக் கணக்கிட்டால், அண்டத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகள் ஒரு பொருட்டாகவே தெரியாத அளவுக்குப் பெரிய காலம் வரும்.

கணக்கு என்று வந்துவிட்டால் கறாராகவும் இருக்க வேண்டும். அந்தக் காலம் முடிவிலி அல்ல. எனவே வெப்பநிலை சுழியாக இல்லாத, அளவில் முடிவுள்ள எந்த வளையத்துக்கும் மின்தடை கறாரான சுழியாக இருக்க முடியாது. இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். மீக்கடத்தியை நன்றாக அறிந்தவர்களிடமிருந்தே அது வருகிறது. வில்லியம் லிட்டில் 1967இல் இதைச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு ஜேம்ஸ் லாங்கரும், இந்தியாவில் பிறந்து கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வினய் அம்பேகாவ்கரும் சேர்ந்து முறுக்கு ஒரு சுற்று அவிழும்படி கட்டம் நழுவும் வீதத்தைக் கணக்கிட்டார்கள். பிறகு மெக்கம்பரும் ஹால்பெரினும் 1970இல் அதைச் செம்மைப்படுத்தினார்கள். கணக்கு வெறும் ஏட்டுக் கணக்காக நிற்கவில்லை. ஒரு மைக்ரான் அளவுக்கு மெலிந்த வெள்ளீய இழைகளில், மீக்கடத்துநிலை தொடங்கும் மாறுநிலை வெப்பநிலைக்குச் சற்றே கீழே, மின்தடை செங்குத்தாக விழாமல் சரிந்து இறங்குவதை 1970களின் தொடக்கத்தில் அளந்தார்கள்; சரிவின் வடிவம் கணக்கோடு பொருந்தியது. நானோமீட்டர் தடிமனுள்ள கம்பிகளில் மாறுநிலை வெப்பநிலைக்கு வெகு கீழேயும் வால் போல மின்தடை நீள்கிறது. ஆக மெல்லிய மீக்கடத்திக்கு மின்தடை உண்டு, அளக்கும் அளவுக்கே உண்டு. ஆனால் இதே சோதனைதான் தடித்த கம்பியின் சுழியையும் காப்பாற்றுகிறது. எந்த வழியாக மின்னோட்டம் தேய முடியும் என்பதை மெல்லிய இழையில் கண்ணால் பார்த்து, அதன் விதி சரி என்று உறுதிசெய்த பிறகே, தடித்த கம்பியில் அந்த வழி அடைபட்டிருக்கிறது என்று நம்பிச் சொல்கிறோம். அளந்த மேல்வரம்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை ஊகிக்க இதைவிட நல்ல பிடிமானம் இயற்பியலில் அரிது.

இதைவிடக் கடினமான எதிர்வாதம் காந்தப்புலத்திலிருந்து வருகிறது. பயன்பாட்டில் உள்ள மீக்கடத்திகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவை வலுவான காந்தப்புலத்தை முழுதாக வெளியே தள்ளாமல், ஒவ்வொன்றும் ஓர் அலகு பாயத்தைச் சுமக்கும் நுண் சுழல்களாக உள்ளே விடுகின்றன. அப்ரிகோசாவ் 1957இல் முன்னுரைத்த சுழல்கள் இவை. மின்னோட்டம் இந்தச் சுழல்களைப் பக்கவாட்டில் தள்ளும். சுழல் நகர்ந்தால் மின்னழுத்தம் பிறக்கும். மின்னழுத்தம் பிறந்தால் மின்தடை வந்துவிட்டது என்று பொருள். கம்பிக்குள் வேண்டுமென்றே குறைகளை உண்டாக்கிச் சுழல்களை அவற்றில் முளையடித்து நிறுத்துகிறார்கள். மிகத் தூய்மையான மீக்கடத்தியைவிட அழுக்கான மீக்கடத்தி சிறந்தது என்ற விசித்திரம் இப்படித்தான் வருகிறது. முளையிலிருந்து வெப்ப அசைவால் சுழல்கள் கொத்துக் கொத்தாகத் தாவும் என்று 1962இல் பிலிப் ஆண்டர்சன் காட்டினார். பெல் ஆய்வகத்தில் கிம் குழுவினர் அந்த மெல்லிய ஊர்தலை அளந்தார்கள். பழைய உலோகக் கலவைகளில் அது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. 1986இல் செம்பு ஆக்சைடு மீக்கடத்திகள் வந்து, திரவ நைட்ரஜனின் 77 கெல்வினிலேயே வேலை செய்யலாம் என்ற கொண்டாட்டம் கிளம்பியபோது நிலைமை மாறியது. அங்கே வெப்பம் அதிகம், முளைகள் பலவீனம். 1988இல் யெஷுரன், மலோசிமாஃப் இருவரும் ஊர்தல் பூதாகரமாக இருப்பதைக் காட்டினார்கள். அப்படியானால் காந்தப்புலத்தில் வைத்த ஆக்சைடு மீக்கடத்தி மீக்கடத்தியே அல்ல, மிக நல்ல கடத்தி மட்டும்தான் என்று சொல்ல வேண்டியிருக்குமோ என்ற ஐயம் சில ஆண்டுகள் நிஜமாகவே நிலவியது. என் கருத்தில், சுழி பற்றிய கேள்வி மிக நேர்மையாக விவாதிக்கப்பட்ட காலம் அதுதான். 1989இல் மேத்யூ ஃபிஷர் ஒரு விடை தந்தார்: குறைகளில் சிக்கிய சுழல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கண்ணாடி போல உறைந்துவிட்டால், மின்னோட்டம் குறையக் குறைய தாவலுக்கான ஆற்றல் தடுப்பு உயர்ந்துகொண்டே போகும், மின்னோட்டம் சுழியை நெருங்கும் எல்லையில் மின்தடை கறாராகவே சுழி. அதே ஆண்டு கோச் குழுவினரின் அளவீடுகள் அந்தப் படத்துக்கு ஆதரவாக வந்தன.

இந்த விடையில் ஒரு நிபந்தனை இருப்பதைக் கவனிக்க வேண்டும். சுழி என்பது மிகச் சிறிய மின்னோட்டத்துக்கான எல்லை மதிப்பு. பெரிய மின்னோட்டத்தில் எந்த மீக்கடத்திக் கம்பியிலும் மின்னழுத்தம் தோன்றும். தொழிலில் இருப்பவர்களும் இதை மறைப்பதில்லை: உயர் வெப்பநிலை மீக்கடத்தி நாடாவில் சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோவோல்ட் தோன்றும் மின்னோட்டத்தையே மாறுநிலை மின்னோட்டம் என்று வரையறுத்திருக்கிறார்கள். அதாவது அந்த அளவில் சுழி இல்லை என்பது வரையறைக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் மின்னோட்டத்தைக் குறைத்தால் மின்னழுத்தம் அதே விகிதத்தில் குறைவதில்லை. நல்ல நயோபியம்–டைட்டானியம் கம்பியில் நாற்பதாவது அடுக்காகக்கூடச் சரியும். மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் மின்னழுத்தம் ஏறத்தாழ லட்சம் கோடியில் ஒரு பங்காகிவிடும். ஓம் விதிக்குப் பழகிய கண்ணுக்கு இது மின்தடை போலவே தெரியாது, தெரியவும் கூடாது. மாறுதிசை மின்னோட்டத்தின் கதை தனி. இணைகளுக்கும் நிறை உண்டு. திசையை மாற்றி மாற்றி அவற்றை விரட்ட மின்புலம் வேண்டும், அந்த மின்புலம் இணை சேராத எலக்ட்ரான்களையும் அசைத்து வெப்பத்தை உண்டாக்கும். டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடை முடுக்கி மையத்தின் நயோபியம் ஒத்ததிர்விகள் மீக்கடத்திகளாக இருந்தும் ஹீலியத்தைக் கொதிக்கவைப்பது இதனால்தான். பாடநூலின் ஒரு வரிக்கு ‘நேர்மின்னோட்டத்தில்’ என்ற ஒரு சொல்லையாவது சேர்த்திருக்கலாம்.

எதிர்த்திசையிலும் ஓர் எச்சரிக்கை தேவை. கருவி மின்தடையைக் காட்டினால் அது பொருளுடையதுதான் என்று நம்பிவிடவும் முடியாது. மெல்லிய படலங்களில், எவ்வளவு குளிர்வித்தாலும் மின்தடை சுழியாகாமல் ஓர் அளவில் நின்றுவிடும் விசித்திர உலோகநிலை உண்டு என்று பல ஆய்வுக்குழுக்கள் சொல்லிவந்தன. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மாலிப்டினம்–ஜெர்மானியம் படலங்களை ஆராய்ந்தவர்கள், வெளியிலிருந்து கம்பிகள் வழியே நுழையும் வானொலி அலைவரிசை இரைச்சலை வடிகட்டினால் அந்த மிச்ச மின்தடையே மறைந்துவிடுவதை 2019இல் காட்டினார்கள். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தவரும் வேறொரு படலத்தில் அதே முடிவுக்கு வந்தார்கள். ஆய்வகத்தின் காற்றில் மிதக்கும் வானொலி அலையே சுழல்களை உலுக்கிவிடுகிறது. மீட்டர் காட்டும் சுழியும் பொய்யாகலாம், மீட்டர் காட்டும் மின்தடையும் பொய்யாகலாம்.

முதல் வகைப் பொய்க்கு நம் நாட்டு எடுத்துக்காட்டு, அல்லது குறைந்தபட்சம் நம் நாட்டுச் சந்தேகம், பெங்களூரு சார்ந்தது. 2018 ஜூலையில் இந்திய அறிவியல் நிறுவனத்தின் தேவ் குமார் தாப்பா, அன்ஷு பாண்டே இருவரும், தங்கத்துக்குள் வெள்ளி நுண்துகள்களைப் பதித்த நானோ அமைப்பு 236 கெல்வினில், அதாவது மைனஸ் 37 டிகிரியில், சாதாரண அழுத்தத்திலேயே மீக்கடத்தியாகிறது என்று அறிவித்தார்கள். ஆகஸ்டில் எம்.ஐ.டி.யின் பிரையன் ஸ்கின்னர், அவர்களின் காந்த அளவீட்டு வரைபடத்தில் வெவ்வேறு புலங்களில் எடுத்த இரு கோடுகளின் இரைச்சல் ஒன்றுபோலவே இருப்பதைக் கவனித்து எழுதினார். தற்செயலாக நேரக்கூடாத ஒற்றுமை அது. பரபரப்பு முழுதும் அதையே சுற்றியது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் டேவிட் பெக்கர், ஜெரமி லெவி இருவரும் எழுப்பிய அமைதியான கேள்வி. நான்கு முனை முறையில் இரண்டு முனைகள் வழியே மின்னோட்டமும் மற்ற இரண்டில் மின்னழுத்த அளவும் நடக்கும். துகள்கள் சேர்ந்த படலத்தில் சில தொடர்புகள் அறுந்து, மின்னோட்டம் வேறு பாதையில் திரும்பிவிட்டால், மின்னழுத்த முனைகளுக்கு இடையே எதுவும் ஓடாது, மின்னழுத்தம் சுழி, கருவி மின்தடை சுழி என்று எழுதும். பொருள் மீக்கடத்தியாகவே இருக்க வேண்டியதில்லை. 2019 மே மாதத்தில் மேலும் பல ஆய்வாளர்கள் சேர்ந்து திருத்திய கட்டுரையை வெளியிட்டார்கள். அதில் வெப்பநிலை 286 கெல்வின் வரை ஏறியிருந்தது. மீக்கடத்துத்திறன் என்ற உரிமைகோரல் தலைப்பிலிருந்து இறங்கி, காந்தவிலக்கமும் மறையும் அளவுக்குச் சிறிய மின்தடையும் ஒருங்கே இருப்பதாக மட்டும் சொல்லப்பட்டது. மின்தடை எண் ஓம்-மீட்டர் அலகில் ஏறத்தாழ 10⁻¹² என்றார்கள். அறை வெப்பநிலைத் தங்கத்தைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் குறைவு. அந்தப் பணிவு பாராட்டத்தக்கது. ஆனால் மிகத் தூய செம்பைத் திரவ ஹீலியத்தில் குளிர்வித்தாலே அந்த எண்ணுக்கு அருகில் போய்விடலாம். ஈயக் குழாயின் வரம்போ அதைவிட இன்னும் பன்னிரண்டு அடுக்குக்கு மேல் கீழே இருக்கிறது. அந்த உரிமைகோரல் இன்றும் அறிவியல் உலகின் பொது ஏற்பைப் பெறவில்லை.

2023இல் தென்கொரியாவிலிருந்து அறை வெப்பநிலை மீக்கடத்தி என்ற அறிவிப்போடு வந்த எல்கே-99 என்ற பொருளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தினர் அதைச் செய்து பார்த்து மீக்கடத்துத்திறன் இல்லை என்றார்கள். ஏறத்தாழ 104 டிகிரியில் மின்தடை விழுவது மாதிரியில் கலந்திருந்த செம்பு சல்ஃபைடு படிக அமைப்பை மாற்றிக்கொள்வதால் என்பது சில வாரங்களில் தெளிவாயிற்று. இலங்கையில் பிறந்து ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரங்க டயஸ் குழுவினர் மீக்கடத்துத்திறனைக் கண்டதாக எழுதிய இரு கட்டுரைகளும், 2020இல் வந்த கார்பன்–கந்தக ஹைட்ரைடும் 2023இல் வந்த லுட்டீசியம் ஹைட்ரைடும், நேச்சர் இதழால் திரும்பப் பெறப்பட்டன. இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, ‘வளையத்தில் மின்னோட்டத்தை ஓடவிட்டுக் காட்டு’ என்று எல்லோரையும் கேட்கலாமே என்று தோன்றும். ஆனால் கந்தக ஹைட்ரைடு போல இரு வைரங்களுக்கு நடுவே லட்சக்கணக்கான வளிமண்டல அழுத்தத்தில் நசுங்கிக் கிடக்கும், மயிரிழை அகலமேயுள்ள துணுக்கில் வளையமும் திசைகாட்டியும் எப்படி வைப்பது என்ற மறுப்பு நியாயமானது. அதற்கும் வழி பிறந்தது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் எரிமெட்ஸ் குழுவினர், 2015இல் தாங்கள் கண்டறிந்த கந்தக ஹைட்ரைடில் காந்தப்பாயத்தைச் சிக்கவைத்து, வெளிப்புலத்தை நீக்கிய பிறகும் அது உள்ளேயே நிற்பதை அளந்து 2023இல் வெளியிட்டார்கள். சிக்கிய பாயம் நிற்க வேண்டுமானால் உள்ளே மின்னோட்டம் தேயாமல் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஓனஸின் 1914ஆம் ஆண்டுச் சோதனைதான் இது, வளையம் மட்டும் பொருளுக்குள்ளேயே இருக்கிறது.

மின்தடையைத் தொடாமலே மீக்கடத்தியை நிறுவ முடியும் என்பதற்கு அடிப்படை 1933இல் போடப்பட்டது. வெறும் சுழி மின்தடை மட்டும் உள்ள ஒரு கற்பனைக் கடத்தியைக் காந்தப்புலத்தில் வைத்துக் குளிர்வித்தால், உள்ளே இருந்த புலம் அப்படியே சிறைப்பட்டுக் கிடக்க வேண்டும். மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் கண்டது வேறு: புலம் வெளியே தள்ளப்பட்டது. எந்த வழியில் வந்தாலும் ஒரே முடிவு நிலை என்றால் அது வெப்ப இயக்கவியல் சமநிலை. சுழி மின்தடை அந்தச் சமநிலையின் விளைவுகளில் ஒன்று. 2016இல் டாடா நிறுவனத்தில் ஓம் பிரகாஷ், அனில் குமார், அ. தமிழ்வேல், எஸ். ராமகிருஷ்ணன் ஆகியோர் தூய பிஸ்மத் 0.53 மில்லிகெல்வினில் மீக்கடத்தியாவதைக் கண்டறிந்தது இந்த வழியில்தான். பிஸ்மத்தில் ஏறத்தாழ லட்சம் அணுக்களுக்கு ஒரே ஓர் எலக்ட்ரான்தான் மின்னோட்டத்துக்குக் கிடைக்கும் என்பதால் இது நடக்கும் என்றே பலர் நினைக்கவில்லை. அவ்வளவு குளிரில் மாதிரியின் வழியே அளவிடத்தக்க மின்னோட்டத்தைச் செலுத்தினால், இணைப்புகளில் பிறக்கும் துளி வெப்பமே பிஸ்மத்தை மாறுநிலை வெப்பநிலைக்கு மேலே ஏற்றிவிடக்கூடும். பூமியின் காந்தப்புலத்தில் எட்டில் ஒரு பங்கு அளவே உள்ள 5.2 மைக்ரோடெஸ்லா புலம்கூட அந்த நிலையை அழித்துவிடும் என்பதால் மாதிரியை வெளிப்புலம் அண்டாமல் மூடிக் காத்தார்கள். பிறகு காந்தவிலக்கத்தை, மிக நுண்ணிய காந்தப்புலத்தையும் உணரும் ஸ்க்விட் கருவியால் அளந்து முடிவை வெளியிட்டார்கள்.